குற்றேவலும் கோலும்

1737-ஆம் ஆண்டில் தாயை இழந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை, அவன் தந்தையார் மார்க்யேட் தெரு என்னும் ஆங்கிலச் சிற்றூரில் டாக்டர் பிட்மன் நடத்திவந்த விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே ஏறத்தாழப் பதினைந்து பிராயமுள்ள மாணவன் ஒருவன், பிறர் கண்ணில் படாத வேளைகளைத் தேடித் தேடி, அந்தக் குழந்தையை இம்சிப்பதையே தன் நித்தியக் கடமையாகக் கொண்டிருந்தான். அவனை ஏறிட்டு நோக்கவும் அஞ்சி, அவன் முழங்காலுக்கு மேல் கண்ணை உயர்த்தத் துணியாதிருந்த சிறுவன், தன்னை வதைத்தவனை அவன் உடையின் வேறெந்தப் பகுதியைக் காட்டிலும் அவன் பாதரட்சையில் இருந்த கொக்கியைக் கொண்டே நன்றாக அடையாளம் கண்டுகொண்டான். அச்சிறுவனே பிற்காலத்தில் வில்லியம் கௌப்பர் என்னும் கவிஞராக விளங்கினார். வளர்ந்து பெரியவராகித் தம் வாழ்க்கை வரலாற்றை எழுத உட்கார்ந்தபோதும் அந்தக் கொக்கி அவர் நினைவினின்று அகலவில்லை. விஷயம் வெளிப்பட்டதும் அந்தப் பெரிய மாணவனைப் பள்ளியிலிருந்து விலக்கிவிட்டார்கள். அவனை அவ்வாறு நடக்கத் தூண்டியது எது என்று ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

அவன் சுபாவம் அப்படி என்று சொல்லி அப்பால் நகர்ந்துவிடுவது எளிது. எளியோரை வலியோர் வருத்துவதைக் காணும்போதெல்லாம் நாம் தேடிக்கொள்ளும் சமாதானமும் அதுவே. ஆனால், ஒரே இடத்தில், ஒரே சம்பிரதாயத்தின் கீழ், நல்லவரும் அல்லாதவருமான பல்லாயிரம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஒரே விதமாக இம்சித்தும் இம்சிக்கப்பட்டும் வந்திருப்பார்களானால், அங்கே சுபாவத்தின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. அத்தகைய இடங்கள் இங்கிலாந்தின் பழம்பெரும் விடுதிப் பள்ளிகள். அங்கே இளையவன் மூத்தவனுக்குக் குற்றேவல் செய்யும் வழக்கத்திற்கு 'ஃபாகிங்' என்று பெயர். அதன் சரித்திரத்தைப் படிக்குந்தோறும், கொடுமைக்காரன் எவ்வாறு உருவாக்கப்படுகிறான் என்பது படிப்படியாகக் கண்முன் விரிவதாக எனக்குத் தோன்றுகிறது.

தொடக்கத்தில் அதில் தீய நோக்கம் எதுவும் இல்லை. 1382-இல் வின்செஸ்டர் பள்ளியை ஸ்தாபித்த வில்லியம் ஆஃப் விக்கம் என்னும் மதகுரு, ஒவ்வோர் அறையிலும் வயதிலும் ஒழுக்கத்திலும் மேம்பட்ட சில மாணவர்கள் மற்றவர்களைக் கண்காணித்து, அவர்களுடைய படிப்பையும் நடத்தையையும் பேணவேண்டும் என்று விதித்தார். 1440-இல் ஆறாம் ஹென்றி மன்னர் ஈட்டனில் பள்ளி நிறுவியபோது வின்செஸ்டரையே மாதிரியாகக் கொண்டார். மூத்தவன் இளையவனுக்கு அண்ணன்போல் இருக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த ஏற்பாட்டில் வேறு கருத்து இருந்திருக்க முடியாது. ஆயினும், பேணும்படி ஒப்படைக்கப்பட்டவன் ஏவும் உரிமையையும் மெல்ல எடுத்துக்கொண்டான்; ஏவலுக்கு இணங்காதவனைத் தண்டிக்கும் உரிமை அதன் பின்னால் வந்தது. இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் அவை எவராலும் வினவப்படாத பாத்தியதைகளாக நிலைபெற்றுவிட்டன.

இந்த மாற்றத்திற்குப் பள்ளியின் பணப்பெட்டியும் ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் ஈட்டனில் தலைமையாசிரியராக இருந்த ஜான் கீட் என்பவர், ஏறத்தாழ 200 மாணவர்களை ஒரே கூடத்தில் தாம் ஒருவராகவே வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். அங்கே கல்வி நடந்ததோ இல்லையோ, பிரம்பு நடந்தது. 1832-இல் ஒரே இரவில் எண்பது பேருக்கு மேற்பட்டவர்களை அவர் அடித்தார் என்ற செய்தி அவருடைய புகழில் ஒரு பகுதியாகவே வழங்கிவந்தது. ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகள் எண்ணிக்கையைப் பெருக்கிய நிர்வாகம், வகுப்பறைக்கு வெளியே உள்ள நேரத்தையெல்லாம் மூத்த மாணவர்கள் கையில் விட்டுவிடுவதைத் தவிர வேறு வழி காணவில்லை. சம்பளம் கேட்காத காவலர்கள் அவர்கள். அவர்களுக்குக் கிடைத்த ஊதியம் தங்களிலும் சிறியவர்களின் உழைப்பும் அச்சமுமே.

ஈட்டனில் மன்னர் மானியம் பெற்றுப் படித்த எழுபது மாணவர்களில் பெரும்பாலோர் உறங்கிய 'நீண்ட கூடம்' என்ற இடத்தைப் பற்றிப் பழைய மாணவர்கள் எழுதிவைத்திருப்பவற்றை மனம் கலங்காமல் படிக்க இயலாது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டில்கள் வரிசையாகக் கிடந்த அந்தக் கூடத்தை இரவு எட்டு மணி அளவில் வெளியிலிருந்து பூட்டுவார்கள். விடிந்த பிறகே திறப்பார்கள். இடைப்பட்ட நேரத்தில் பெரியவர் ஒருவரும் உள்ளே இல்லை. எலிகள் ஓடும் தரையில், உடைந்த சன்னல்கள் வழியே குளிர்காற்று வீச, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பதினெட்டு வயது இளைஞர்களோடு அடைபட்டுக் கிடந்தார்கள். படுக்கை விரித்தல், விடியற்காலையில் தண்ணீர் கொணர்தல், கணப்பை மூட்டுதல், ரொட்டியை வாட்டுதல், சப்பாத்தைத் துலக்குதல், கடைக்கு ஓடுதல் ஆகியவை பகற்பொழுதில் குற்றேவற் சிறுவனுக்கு விதிக்கப்பட்ட வேலைகள். இரவில் நடந்தவற்றுக்கு விதி ஏதும் இல்லை. கட்டணமின்றிக் கிடைத்த அந்த இடங்களுக்கே விண்ணப்பம் போதிய அளவில் வாராத நிலைமை ஒரு காலத்தில் ஏற்பட்டது என்றால், பெற்றோர்கள் அதைப்பற்றி எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, இந்தச் சம்பிரதாயத்திற்குள் புகுந்த ஓர் இளைஞனின் மனம் எவ்வாறு மாறியது என்பதைப் பார்க்கவேண்டும். நாவலாசிரியர் ஆண்டனி டிராலப் 1827-இல் வின்செஸ்டரில் சேர்ந்தார். அப்போது அவருடைய தமையன் தாமஸ் அங்கே மூத்த மாணவர். இளையவர் ஒவ்வொருவரும் மூத்தவர் ஒருவரின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்ற வழக்கப்படி, தம்பி தமையனிடமே ஒப்படைக்கப்பட்டார். அந்தத் தமையன் தம்பியை அன்றாடப் பயிற்சியைப் போலத் தடித்த கோல் ஒன்றால் அடித்துவந்தார் என்று டிராலப் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இதில் வியப்பு என்னவென்றால், அந்தத் தமையன் கொடியவர் அல்லர். பிற்காலத்தில் அவ்விருவரும் ஆயுள் முழுவதும் நெருங்கிய நண்பர்களாக வாழ்ந்தார்கள். தண்டனை கடுமையாக இருந்தால்தான் ஒழுங்கு நிலைக்கும் என்பது அவருடைய கொள்கை. அதை அவர் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. பள்ளி அவருக்குக் கோலையும் கொடுத்து, கோலை ஓங்குவதற்குரிய நியாயத்தையும் கொடுத்திருந்தது. தன் கடமையைச் செய்கிறோம் என்ற திருப்தியுடன் அடிப்பவனுடைய கை, கோபத்தினால் அடிப்பவனுடைய கையைப்போல் விரைவில் ஓய்ந்துபோவதில்லை.

மருமகளாய் இருந்தபோது பட்டதையெல்லாம் மாமியாரான பிறகு மறவாமல் நடத்திக்காட்டும் வழக்கத்தை நம் குடும்பங்களில் கண்டிருக்கிறோம். அந்தப் பள்ளிகளிலும் நடந்தது அதுவே. குற்றேவல் செய்த சிறுவனுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், தனக்கும் ஒரு முறை வரும் என்பது. நான்கைந்து ஆண்டுகள் அந்த எதிர்பார்ப்பிலேயே வாழ்ந்தவனிடம், முறை வந்த நாளில், அதைத் துறந்துவிடு என்று சொன்னால், தான் பட்ட துன்பமெல்லாம் வீண் என்று ஒப்புக்கொள்ளும்படி அவனைக் கேட்பதாகிவிடும். அந்த ஒப்புதலை மனித மனம் எளிதில் தருவதில்லை. 'நாங்களும் பட்டோம், அதனால் கெட்டா போனோம்? அதுவே எங்களை மனிதராக்கிற்று' என்று சொல்லிக்கொள்வதன் மூலம், பட்ட புண்ணைப் பெருமையாக மாற்றிக்கொள்கிறான். அப்பெருமையைக் காக்கும்பொருட்டு அடுத்தவனையும் புண்படுத்த வேண்டியவனாகிறான். வதைப்பவனுடைய மனத்தில் குரூரத்தைக் காட்டிலும் இந்தத் தற்காப்பே மிகுதியாக வேலை செய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு இணங்க மறுத்தவர்களும் உண்டு. 1804-இல் ஈட்டனில் சேர்ந்த, பிற்காலத்தில் கவிஞரான ஷெல்லி குற்றேவல் செய்ய மறுத்தார்; அதன் பயனாக, பிள்ளைகள் கும்பலாகத் திரண்டு அவரைத் துரத்தி, சூழ்ந்து நின்று, பெயர் சொல்லிக் கூவி, அவர் கையிலிருந்த புத்தகங்களைத் தட்டிவிட்டு, அவர் வெகுண்டு கதறுவதைக் கண்டு களிப்பது அப்பள்ளியின் வேடிக்கைகளுள் ஒன்றாகிவிட்டது. இங்கே கவனிக்கத்தக்கது அந்தக் கும்பல். அதில் இருந்தவர்களில் பலர் தாமும் யாருக்கேனும் ஏவல் செய்துவந்த சிறுவர்களே. அவர்கள் ஏன் ஷெல்லியின் பக்கம் நிற்கவில்லை? ஒருவன் துணிந்து மறுக்கும்போது, பணிந்துபோன மற்றவர்களுக்குத் தங்கள் பணிவு கட்டாயத்தினால் மட்டும் நேர்ந்ததன்று என்ற உண்மை சுடுகிறது. அந்தச் சூட்டைப் பொறாமல் அவர்கள் மறுத்தவன்மேல் பாய்கிறார்கள். அன்றியும், துரத்தப்படுகிறவன் ஒருவன் இருக்கும்வரையில் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு.

சுற்றி நிற்பவர்களின் பங்கு இன்னும் பயங்கரமாக வெளிப்பட்டது 1825-ஆம் ஆண்டு பிப்ரவரியில். ஈட்டன் மைதானத்தில், ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் இளைய புதல்வராகிய பிரான்சிஸ் ஆஷ்லி கூப்பர் என்ற சிறுவரும், அவரிலும் வயதிலும் உடலிலும் பெரியவரான மற்றொரு மாணவரும் கைகலந்தார்கள். இது வதை அன்று, இருவர் சம்மதித்துச் செய்த போர்தான். ஆனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அறுபது சுற்றுகள் வரை அது நீடித்ததற்கு அவ்விருவருடைய பகை காரணம் அன்று. சுற்றி நின்ற கூட்டம் ஆரவாரம் செய்தது. தளர்ந்தவனுக்குப் பிராந்தி புகட்டி மீண்டும் எழுப்பி நிறுத்தியது. கடைசியில் நினைவிழந்து விழுந்த சிறுவரை அறைக்குத் தூக்கிச் சென்றார்கள். அன்றிரவே அவர் இறந்தார். மற்றவர்மேல் தொடுத்த வழக்கு விடுதலையில் முடிந்தது. இறந்தவருடைய தமையனே பிற்காலத்தில் ஏழாம் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவானவர்; பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் குழந்தைகள் படும் துன்பத்தைத் தடுக்கச் சட்டங்கள் இயற்றுவித்தவர்.

சீர்திருத்தம் என்று வரும்போது எல்லோரும் சொல்லும் பெயர் தாமஸ் ஆர்னால்டு. 1828 முதல் 1842-இல் இறக்கும்வரை ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த அவர் உத்தமமான மனிதர். மாணவர்களின் ஆன்ம நலத்தைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டவர். அவரும் குற்றேவல் முறையை ஒழிக்கவில்லை என்பது மட்டுமன்று, 1835-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அதை ஆதரித்து வாதிட்டார். பிள்ளைகள் கூடி வாழும் இடத்தில் முறையான ஆட்சி ஒன்று இல்லாவிட்டால் உடல்வலிமை படைத்தவனே ஆளுவான். ஆகையால் மிக உயர்ந்த வகுப்பு மாணவர்களுக்கு அதிகாரத்தைச் சட்டபூர்வமாக அளித்து, அவர்களைப் பொறுப்புள்ளவர்களாக்கவேண்டும் என்பது அவர் தரப்பு. அவரும் வின்செஸ்டரில் படித்து, அந்த முறையிலேயே வளர்ந்தவர் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அவர் வாதத்தில் ஓர் உண்மை உண்டு. அராஜகம் எளியவனுக்கு நன்மை செய்வதில்லை. ஆனால் அதிகாரத்தை நல்லவர்களிடம் கொடுத்தால் அது நல்லதாகவே இருக்கும் என்று அவர் நம்பினாரே, அங்கேதான் தவறினார். கொடுக்கப்பட்ட அதிகாரத்தைப் பற்றி முறையிடும் வழி இளைய மாணவனுக்கு நடைமுறையில் திறந்திருக்கவில்லை. முறையிடுவது கோழைத்தனம், காட்டிக்கொடுப்பது துரோகம் என்ற பழைய எழுதாச் சட்டம் அவருடைய காலத்திலும் அப்படியே இருந்தது.

ஆர்னால்டின் மாணவர் தாமஸ் ஹியூஸ் 1857-இல் வெளியிட்ட 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' என்ற நாவல் இதற்குச் சான்று. அதில் வரும் ஃப்ளாஷ்மன் என்ற முரடன் சிறுவர்களைக் கம்பளியில் வைத்து உயரே வீசுகிறான். டாமைக் கணப்பின் முன்னால் பிடித்துநிறுத்தி நெருப்பில் வாட்டுகிறான். டாம் நினைவு தப்பும் அளவுக்குச் சுடப்பட்ட பிறகும் யார் செய்தது என்று எவரிடமும் சொல்வதில்லை. சொல்லாததையே ஆசிரியர் வீரமாகப் போற்றுகிறார். முடிவில் ஃப்ளாஷ்மன் பள்ளியினின்று துரத்தப்படுகிறான். அது இந்தக் கொடுமைக்காக அன்று. ஒருநாள் மாலை குடித்துவிட்டு வழியில் விழுந்து கிடந்ததற்காக! தம் ஆசானை வழிபட்ட ஹியூஸ் இதைக் குறையாக எண்ணி எழுதவில்லை என்பதே நம்மை அதிகமாகச் சிந்திக்க வைக்கிறது.

1861-இல் கிளாரண்டன் பிரபுவின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு ஒன்பது பெரும் பள்ளிகளை ஆராய்ந்து 1864-இல் அறிக்கை தந்தது. குற்றேவல் சில இடங்களில் மிதமிஞ்சிவிட்டது என்று கண்டித்து, முறையை ஒழிக்காமல் விட்டுவிட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து வின்செஸ்டரில் அதன் பலன் தெரிந்தது. அப்பள்ளிக்கே உரிய குழூஉக்குறிச் சொற்களைப் புதியவர்கள் மனப்பாடம் செய்து மூத்தவர்களிடம் ஒப்பிக்கவேண்டும் என்றொரு வழக்கம் அங்கே இருந்தது. 1872-இல் மாணவர் ஒருவர் அந்தத் தேர்வுக்குப் போக மறுத்தார். மாணவத் தலைவர் அவரை முப்பது அடி அடித்தார். அடித்த கோல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. 'டைம்ஸ்' பத்திரிகையில் கடிதங்கள் குவிந்து நாடே கொந்தளித்தபோதும், தலைமையாசிரியர் ஜார்ஜ் ரிடிங், அளவு மீறியது என்று வருந்தினாரேயன்றி, மாணவத் தலைவரின் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. முப்பது அடிக்குரிய குற்றம் என்ன? ஒரு பயனுமற்ற சில சொற்களைக் கற்க மறுத்தது. அந்தச் சொற்களால் பயனில்லை என்பதனாலேயே அவை அவ்வளவு முக்கியமாயின; பயனுள்ள ஏவலுக்குப் பணிகிறவன் வேலைக்குப் பணிகிறான், பயனற்ற ஏவலுக்குப் பணிகிறவனோ ஏவியவனுக்கே பணிகிறான்.

இருபதாம் நூற்றாண்டிலும் இது நீடித்தது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரெப்டன் பள்ளியில் படித்த எழுத்தாளர் ரோல்டு டால், குளிர்காலக் காலைகளில் மூத்த மாணவர் வருமுன்னே போய், உறைந்து கிடக்கும் கழிப்பறைப் பலகையில் அமர்ந்து அதைச் சூடாக்கி வைக்கும்படி ஏவப்பட்டதை 1984-இல் வெளியான தம் இளமை நினைவுகளில் எழுதியிருக்கிறார். விளையாட்டுக்களில் சிறந்து விளங்கியும் தமக்கு மாணவத் தலைவர் பதவி தரப்படவில்லை என்றும், தந்திருந்தால் இளையவர்களை அடிக்க மறுத்து அந்தப் பதவியின் தத்துவத்தையே கெடுத்திருப்போம் என்றும் அவர் சொல்லுகிறார். அடிக்க விரும்பாதவனைப் பதவிக்குத் தகுதியற்றவனாகக் கருதிய அந்த ஸ்தாபனம், தன்னைத் தொடர்ந்து நடத்தக்கூடியவர்களைப் பொறுக்கியெடுப்பதில் பிழை செய்யவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சிறிது சிறிதாகத் தேய்ந்து, 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈட்டனிலும் அவ்வழக்கம் மறைந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் டான் ஒல்வேயஸ் என்னும் சுவீடன் நாட்டு உளவியலறிஞர், வதைக்கும் மாணவர்களை முறையாக ஆராயத் தொடங்கியிருந்தார். பிறரை இம்சிப்பவன் உள்ளுக்குள் அஞ்சி நடுங்குகிறவன், தன்னைத் தானே தாழ்வாக எண்ணுகிறவன் என்று பலரும் நம்பிவந்தனர். அவருடைய ஆய்வு அதற்கு ஆதாரம் காணவில்லை. பிறரை ஆட்டிவைப்பதில் உள்ள இன்பம், அன்பு குறைந்து தண்டனை மிகுந்த வீட்டுச் சூழல், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தரும் மதிப்பு ஆகியவற்றையே அவர் காரணங்களாகக் கண்டார். 1982-இன் இறுதியில் நார்வேயில், சக மாணவரின் இம்சைக்கு ஆளான சிறுவர் மூவர் தற்கொலை செய்துகொண்டதைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் தேசமளாவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. ஒல்வேயஸின் திட்டப்படி விளையாட்டு வேளையில் ஆசிரியர்கள் வெளியே வந்து நின்றார்கள். வகுப்புக்கள்தோறும் விதிகள் வகுக்கப்பட்டன. நேர்ந்ததை ஆசிரியரிடம் சொல்லுவது குற்றமன்று என்று பிள்ளைகளுக்கு உணர்த்தப்பட்டது. பெர்கன் நகரப் பள்ளிகளில் அவர் நடத்திய ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் வதை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பிள்ளைகளின் சுபாவம் இரண்டு ஆண்டுகளில் மாறிவிடவில்லை; பெரியவர்கள் தங்கள் இடத்திற்குத் திரும்பி வந்தார்கள், அவ்வளவே.

நம் நாட்டுக் கல்லூரி விடுதிகளில் ராக்கிங் என்ற பெயரால் நடந்துவந்தவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. பயனற்ற ஏவல், இரவு அழைப்பு, காட்டிக்கொடுக்காதே என்ற கட்டளை, 'எங்களுக்கும் செய்தார்கள்' என்ற பதில், யாவும் அப்படியே இருக்கின்றன. 1996-இல் தமிழ்நாட்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராக்கிங்கில் கொல்லப்பட்டது நாட்டையே உலுக்கிய பின், 1997-இல் தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் பிறந்தது; 1998-இல் இலங்கையிலும் அத்தகைய சட்டம் வந்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகள், கூடியமட்டும் முதலாண்டு மாணவர்களை விடுதியின் தனிப் பகுதியில் வைக்கவேண்டும் என்று பணிக்கின்றன. வேண்டியதே. ஆயினும் அந்த விதியின்கீழ் வந்த பிள்ளைக்கு மறு ஆண்டே இடம் மாறுகிறது. பட்டவற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு, முறை வந்துவிட்டதென்று எண்ணி, புதியவர் வரும் வாயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டாமாண்டு மாணவனை விடுதிக் காப்பாளர் தனியே அழைத்து, சென்ற ஆண்டு அவனுக்கு நேர்ந்தது என்ன என்று விசாரித்து, அது நேர்ந்திருக்கக் கூடாது என்று நிர்வாகத்தின் வாயாலேயே அவனிடம் ஒப்புக்கொள்ளவேண்டும்; பட்டது வீண் என்பதை அவன் ஒருவனே சுமக்கும்படி விட்டுவிட்டு, அவன் திருந்தவில்லை என்று குறைகூறிப் பயனில்லை.